சோறு முதலில், போதனை பிறகு

மணிமேகலை காப்பியத்தில் வரும் வஞ்சி நகரம் நம் கரூர்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். கொடுங்கல்லூர் என்பாரும் உண்டு. எந்த ஊரானாலும், அங்கே காப்பிய நாயகி மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் போய், சைவவாதி, ஆசீவகர், பூதவாதி எனப் பல சமயத்தார் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எதிலும் அவள் மனம் நிற்கவில்லை. பிறகு காஞ்சிக்குப் போகிறாள். அங்கே பஞ்சம். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தை எடுத்துப் பசித்தவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறாள். அதன் பிறகுதான் பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் பௌத்த தருமம் கேட்கிறாள்.

இந்த வரிசை தற்செயல் அல்ல. தம்மபதத்தின் பழைய உரையில் ஒரு கதை உண்டு. ஆளவி என்ற ஊரில் ஓர் ஏழை உழவர், காணாமல் போன மாட்டைத் தேடிப் பிடித்துவிட்டு, பசியோடு புத்தரின் உரை கேட்க வருகிறார். புத்தர் முதலில் அவருக்குச் சாப்பாடு போடச் சொல்கிறார். அவர் சாப்பிட்டு முடித்த பிறகே பேசத் தொடங்குகிறார். பசித்த வயிற்றுக்குப் போதனை ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பௌத்தத்தில் தருமம் என்பது கடவுள் இட்ட கட்டளையும் அல்ல, பிறந்த குலத்துக்கு விதித்த கடமையும் அல்ல. துன்பத்துக்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை நீக்கினால் துன்பமும் நீங்கும் என்பதே புத்தர் சொன்ன தருமம். அதை வாழ்வில் கடைப்பிடிப்பதே ஒழுக்கம். அதற்குத் தவிர்க்க வேண்டிய பத்துத் தீமைகளை மணிமேகலைக் காப்பியம் பிரித்துச் சொல்கிறது. உடலால் செய்வன மூன்று: கொலை, களவு, தகாத காமம். வாயால் நான்கு: பொய், கோள், கடுஞ்சொல், வெட்டிப்பேச்சு. மனத்தால் மூன்று: பிறர் பொருள்மேல் ஆசை, கோபம், தவறான பார்வை. யாரும் பார்க்காத மனத்துக்கும் கணக்கு உண்டு என்பதைக் கவனியுங்கள். செயலைவிட அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தையே பௌத்தம் முதலில் எடை போடுகிறது.

அதனால்தான் அந்தக் காப்பியம் அதில் வரும் ஆபுத்திரன் என்பவன் பக்கம் நிற்கிறது. வேள்வியில் பலியிடக் கட்டி வைத்திருந்த பசுவை இரவோடு இரவாக அவன் ஓட்டிப் போகிறான். ஊர் அவனைத் திருடன் என்கிறது. அவனோ ஓர் உயிரைக் காக்கத்தான் போனான்.

நடைமுறைக்கு என்ன அளவுகோல்? தன் மகன் ராகுலனுக்குப் புத்தர் சொன்னது எளிது. ஒன்றைச் செய்யும் முன்பும், செய்யும்போதும், செய்த பின்பும் கேட்டுக்கொள்: இது எனக்கோ பிறருக்கோ இருவருக்குமோ தீங்கு தருமா? தருமென்றால் நிறுத்து.

நொய்யல் ஆற்றில் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறையில் கூலி வாங்கியவர்களின் குடும்பமும் அதில் தவித்தது. கழிவைத் திறந்துவிடும் முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், இரண்டு பக்கத்துத் துன்பமும் குறைந்திருக்கும். நீதிமன்றம் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதைத்தான் பௌத்தம் தருமம் என்கிறது.