தண்ணீர் கட்டணம்: யார் எவ்வளவு கட்டுவது?

தண்ணீர் கட்டணம் ஏறப்போகிறது என்றால் எந்த ஊரிலும் முதலில் எழும் கேள்வி, 'எவ்வளவு?' அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, 'யாருக்கு எவ்வளவு?' நியாயம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. 2021-இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்தை வைத்தே பார்ப்போம்.

ஊருக்கு நீர் தரும் பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். அந்த மணலுக்கடியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்து, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றித் தெருவுக்கு அனுப்ப வேண்டும். இதில் மின்சாரமும் குளோரினும் நாம் செலவழிக்கும் நீரைப் பொறுத்துக் கூடும், குறையும். குழாய், தொட்டி, ஊழியர் சம்பளம், திட்டத்துக்கு வாங்கிய கடனின் வட்டி ஆகியவை ஒருவரும் குழாயைத் திறக்காவிட்டாலும் நிற்காது. ஆகவே நல்ல ரசீதில் இரண்டு பகுதி இருக்கும்: எல்லோரும் கட்டும் சிறிய நிலையான தொகை ஒன்று, அவரவர் எடுத்த நீருக்கான தொகை ஒன்று.

தமிழகத்தின் பெரும்பாலான ஊர்களில் வீட்டு இணைப்புக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகைதான். கணக்குக்கு எளிது, வசூலுக்கும் எளிது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10,000 லிட்டர் எடுக்கும் சிறு வீட்டுக்கு ஆயிரம் லிட்டர் 15 ரூபாய் விழுகிறது. தோட்டமும் காரும் வைத்து 40,000 லிட்டர் எடுக்கும் வீட்டுக்கு 3 ரூபாய் 75 காசு. சமம் போலத் தெரியும் ஏற்பாட்டில் சின்ன வீடு பெரிய வீட்டைச் சுமக்கிறது.

இதற்கு மருந்து மீட்டரும், எடுக்க எடுக்க விலை ஏறும் படிநிலைக் கட்டணமும். பெங்களூரில் 2014-இல் வைத்த கட்டணத்தில் முதல் 8,000 லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் 7 ரூபாய். 50,000-க்கு மேல் போனால் 45 ரூபாய். அந்த விலையை 2025 ஏப்ரல் வரை தொடாமல் விட்டு, பிறகு ஒரேயடியாக ஏற்றினார்கள். பத்தாண்டு ஏற்றாமல் இருப்பது மக்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது. பராமரிப்பு தள்ளிப்போகும், குழாய் ஒழுகும், கடைசியில் சுமை மொத்தமாக வந்து விழும்.

படிநிலையிலும் ஒரு பள்ளம் உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் ஒரே வாசலுக்குள் மூன்று நான்கு குடித்தனங்கள் ஒரே குழாயை நம்பியிருக்கும். ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்தாலும் மீட்டர் மொத்தமாகத்தான் ஓடும்; ஏழைகள் உயர்ந்த படியில் போய் நிற்பார்கள். ஒரு இணைப்பில் எத்தனை குடும்பம் என்று எண்ணாமல் படிநிலை வைப்பது அநியாயம். தறி வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அந்த வீட்டை வணிக இடம் என்று எழுதிவிடுவதும் அப்படித்தான். தறி குடிப்பது மிகக் கொஞ்சம்.

சாயப் பட்டறை வேறு. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை எடுக்க வேண்டும், சாயத்தில் முக்க வேண்டும், அலச வேண்டும். அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகிறது. மஞ்சள் நீர்க் கால்வாயின் நிறம் ஊருக்கே தெரியும். வீட்டுக் கழிவுநீருக்குப் பொதுவான கணக்கு ஒன்று உண்டு: எடுத்த நீரில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். அதை வைத்து வீட்டுக்குப் பாதாளச் சாக்கடைக் கட்டணம் போடலாம். பட்டறைக்கு அளவோடு அழுக்கின் தன்மையையும் பார்த்துத்தான் போட வேண்டும். சுத்திகரிப்புச் செலவு அதைப் பொறுத்தே ஏறுகிறது.

சொத்து மதிப்பை வைத்து வசூலிக்கும் வழியும் உண்டு. சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி என்று சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் வாங்குகிறார்கள். மதிப்புள்ள சொத்துக்காரர் கூடுதலாகக் கட்டட்டும் என்பது சரிதான். ஆனால் காஞ்சிபுரத்தில் கோயில் மாட வீதியில் பாட்டன் வீட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு மனை மதிப்பு இருக்கும், கையில் காசு இருக்காது.

கோயில் என்றதும் யாத்ரீகர்கள். 2019-இல் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாட்களில் ஒரு கோடிப் பேர் அளவுக்கு வந்தார்கள். சாதாரண முகூர்த்த நாளிலும் பட்டு வாங்க வரும் கூட்டம் குறைவில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் குழாயின் அகலம், தொட்டியின் கொள்ளளவு எல்லாம். அந்தக் கூடுதல் செலவைப் பிள்ளையார்பாளையத்து ரசீதில் ஏற்றக் கூடாது. விடுதி, மண்டபம், உணவகம், பெரிய கடை ஆகியவற்றின் கட்டணத்திலும் அரசின் மானியத்திலும் அது வர வேண்டும்.

இவ்வளவையும் சரிபார்க்கக் கணக்கு வெளியே வர வேண்டும். இதே மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர்கள் என்றும் அதே ஊர்க் கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய விதி அது.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போய் மூன்று எண்களைக் கேளுங்கள்: போன ஆண்டு குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஆன செலவு, வீடுகளிலிருந்து வந்த வசூல், வணிக இணைப்புகளிலிருந்து வந்த வசூல். அவற்றைப் பார்த்த பிறகு கட்டண உயர்வைப் பற்றிப் பேசுங்கள்.