பிறர் படைத்த பாத்திரமும் நாம் படைக்கும் விளையாட்டும்



கணினியில் விளையாடுவோர் மட்டுமல்லர், கணினி விளையாட்டைத் தாமே உருவாக்குவோரும் இன்று நம்மிடையே பெருகி வருகின்றனர். ‘ஸ்கிராட்ச்’ பழகத் தொடங்கிய சிறுமிகூட ஒரு வாரத்திற்குள் திரையில் ஒரு பூனையை ஓடவும் தாவவும் செய்துவிடுகிறாள். அடுத்து அவள் மனத்தில் எழும் ஆசை யாது? பூனைக்குப் பதிலாகத் தனக்குப் பிடித்த மரியோவையோ பிக்காச்சுவையோ ஓடவிட வேண்டும் என்பதே! இவ்வாறு பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் தாமாக ஆக்கும் விளையாட்டுகளை ‘ரசிகர் விளையாட்டுகள்’ என்பர். அன்பினால் பிறக்கும் இம்முயற்சியைச் சட்டம் எவ்வாறு நோக்குகின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பத்தாண்டு உழைப்பு

ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1986ஆம் ஆண்டு ‘மெட்ராய்டு’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் தலைவி சாமஸ் என்னும் வீரப்பெண். 1991இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தை, அர்ஜென்டினா நாட்டு ரசிகர் ஒருவர் புதிய வண்ணங்களுடனும் இசையுடனும் மீண்டும் உருவாக்க முனைந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஓய்வு நேரத்தையெல்லாம் அதற்கே செலவிட்டார். மெட்ராய்டு பிறந்து முப்பதாண்டு நிறைந்த 2016 ஆகஸ்டு மாதம் அதனை இலவசமாக வெளியிட்டார். ஆடிப் பார்த்தவர் அனைவரும் பாராட்டினர். ஆனால் ஓரிரு நாட்களுக்குள் நிண்டெண்டோவின் சட்ட அறிவிப்பு வந்தது. விளையாட்டு இணையத்தளங்களிலிருந்து நீக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில், அதே இரண்டாம் பாகத்தின் புதிய வடிவத்தை நிண்டெண்டோவே வெளியிட்டது. தன் சரக்கைத் தானே விற்கவிருந்த நிறுவனம், அதையொத்த ஒன்று இலவசமாகக் கிடைப்பதை விரும்பாததில் வியப்பில்லை அல்லவா?

அதே 2016 ஆகஸ்டில் ‘பொக்கிமான் யுரேனியம்’ என்னும் ரசிகர் விளையாட்டும் வெளிவந்தது. அது ஒன்பதாண்டு உழைப்பின் பயன். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கம் செய்யப்பட்ட பின், சட்ட அறிவிப்புகளைக் கண்டு அதனை ஆக்கியோரே அதை விலக்கிக் கொண்டனர்.

வழிநூல் செய்யும் உரிமை

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகின்றது நன்னூல். இக்காலப் பதிப்புரிமைச் சட்டத்தையும் இந்த அளவுகோலால் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். முதல்நூலை அப்படியே நகல் எடுக்கும் உரிமை மட்டுமன்று, அதிலிருந்து வழிநூல் செய்யும் உரிமையும் முதல்நூலாசிரியருக்கே உரியது என்பது சட்டத்தின் அடிப்படை. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே கூறுகின்றன. ரசிகர் விளையாட்டு என்பது ஒரு வழிநூல். இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

எனினும், எல்லாவற்றிற்கும் வேலி இல்லை. வெறும் கருத்து எவருக்கும் சொந்தமன்று. ‘விண்வெளியில் தனியாகப் போராடும் வீரப்பெண்’ என்னும் கருத்தை யாரும் எடுத்தாளலாம். ஆனால் சாமஸ் என்ற பெயர், அவளுடைய கவசம், ஆயுதம், வரலாறு எல்லாம் சேர்ந்த உருவம் நிண்டெண்டோவுக்கு உரியது. பாத்திரம் எவ்வளவு தெளிவாக வார்க்கப்பட்டிருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு அதற்கு உண்டு. 1930இலேயே அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் தம் தீர்ப்பு ஒன்றில் இக்கொள்கையை நிலைநாட்டினார்.

விளையாட்டின் விதிகளுக்கும் இது பொருந்தும். ‘டெட்ரிஸ்’ விளையாட்டைப் பார்த்து வேறொரு நிறுவனம் ஒன்றை ஆக்கியது. 2012இல் அமெரிக்க நீதிமன்றம், ஆட்ட விதியை எடுத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் கட்டைகளின் வடிவத்தையும் களத்தின் அளவையும் தோற்றத்தையும் அப்படியே எடுத்தது தவறு என்று தீர்ப்பளித்தது.

தவறான எண்ணங்கள் சில

1. “நான் காசு வாங்கவில்லையே!” மேலே கூறிய இரண்டு விளையாட்டுகளும் இலவசமே. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தால், தேங்காய் கடைக்காரருடையது அல்ல என்று ஆகிவிடுமா? காசு வாங்காதது தண்டனையைக் குறைக்கலாம். குற்றத்தை இல்லாமற் செய்யாது.

2. “பாத்திரங்கள் இன்னாருக்கு உரியவை என்று எழுதிவிட்டேனே!” நன்றி கூறுதல் நற்பண்பு. ஆயினும் நன்றி வேறு, அனுமதி வேறு.

3. “கதையை மாற்றிவிட்டேனே!” பாத்திரம் அதுவே என்றால், கதை புதிதாயினும் அது வழிநூலே.

4. “அது மிகப் பழைய பாத்திரம் ஆயிற்றே!” இந்தியாவில் ஆசிரியர் வாழ்நாளும் அதன் பின் 60 ஆண்டுகளும் நூலுக்குப் பதிப்புரிமை நீடிக்கும். 1928ஆம் ஆண்டுப் படத்தில் தோன்றிய மிக்கி எலி, அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் நாளன்றுதான் பொதுவுடைமை ஆயிற்று. அதுவும் அந்தப் பழைய கறுப்பு வெள்ளை உருவம் மட்டுமே. பிற்கால உருவங்களுக்கு உரிமை இன்னும் உண்டு. மேலும், பெயர்களும் சின்னங்களும் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால், அது தனி வேலி.

சட்டம் வந்து சேரும் வழி

பெரும்பாலும் முதலில் வருவது ஓர் அறிவிப்பே. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளர் அறிவிப்பு அனுப்பினால் அந்தப் படைப்பை இணையத்தளத்தார் விரைவில் நீக்க வேண்டும். இல்லையேல் அவர்களே பொறுப்பாவர். ஆக்கியவர் மறுப்பு அனுப்பலாம். ஆனால் அதன் பின் வழக்கை எதிர்கொள்ளத் துணிவும் பணமும் வேண்டும். அங்கு நீதிமன்றம் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரையிலும், வேண்டுமென்றே செய்த மீறலுக்கு 1,50,000 டாலர் வரையிலும் இழப்பீடு விதிக்கலாம். இந்தியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, அறிந்தே செய்யும் மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கூறுகின்றது. வணிக நோக்கமின்றிச் செய்திருந்தால், தக்க காரணம் காட்டித் தண்டனையைக் குறைக்க நீதிபதிக்கு இடமுண்டு.

இவ்வளவு தூரம் போகும் ரசிகர் விளையாட்டுகள் மிகச் சிலவே. ஆனால் சிறையும் அபராதமும் இல்லாமலே பத்தாண்டு உழைப்பு ஒரு கடிதத்தால் ஒடுங்கிவிடும். அதுவே பெரிய இழப்பு. பிறர் மனையில் நாம் கட்டும் வீடு எவ்வளவு அழகாயிருந்தாலும், மனைக்காரர் சொல்லும் வரைதான் அங்கே குடியிருப்பு.

கதவு திறந்த இடங்கள்

எல்லா நிறுவனங்களும் ஒரே போக்குடையன அல்ல. 1998இல் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டை ரசிகர்கள் ‘பிளாக் மேசா’ என்ற பெயரில் புதுப்பித்து 2012இல் வெளியிட்டனர். உரிமையாளராகிய வால்வ் நிறுவனம் அதை விற்பனை செய்யவே அனுமதித்தது. 2020இல் அது முழுமை பெற்றது. ‘சோனிக்’ விளையாட்டின் ரசிகராயிருந்த ஆஸ்திரேலியர் கிறிஸ்டியன் வைட்ஹெட் தம் திறமையைச் சேகா நிறுவனத்திற்குக் காட்டினார். அந்நிறுவனமே அவரை அழைத்துக்கொண்டது. 2017இல் வந்த ‘சோனிக் மேனியா’ அவரும் பிற ரசிகர்களும் சேர்ந்து செய்ததே. எனவே ஒரு நிறுவனம் ரசிகர்களுக்கென்று விதிகள் வெளியிட்டிருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்த்தலும், இல்லையேல் எழுத்தில் அனுமதி கேட்டலும் அறிவுடைமை. வேலையைத் தொடங்குமுன் கேட்பது நன்று.

நமக்குரிய வழி

இன்னொரு வழியும் உண்டு. அதுவே சிறந்த வழி. ‘ஹார்வெஸ்ட் மூன்’ என்னும் உழவு விளையாட்டை மிக விரும்பிய அமெரிக்க இளைஞர் எரிக் பரோன், அதன் பாத்திரங்களைத் தொடவில்லை. நிலத்தை உழுது, விதைத்து, ஊராரோடு உறவாடும் அந்தக் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தம் சொந்த ஊரையும் மாந்தரையும் இசையையும் தனியொருவராய் நான்கரை ஆண்டு உழைத்துப் படைத்தார். 2016இல் வெளிவந்த ‘ஸ்டார்டியூ வேலி’ கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. அதை நீக்கச் சொல்லி அறிவிப்பு அனுப்ப எவருக்கும் உரிமையில்லை.

தோழியரே! பழகும் காலத்தில் பிடித்த பாத்திரத்தை வரைந்து பார்ப்பது இயல்பே. நல்ல ஓவியரெல்லாம் அப்படித்தான் கை பழகினர். ஆனால் உலகத்தின் முன் வைக்கும்போது, உங்கள் மனத்தில் பிறந்த ஒருத்திக்கு நீங்களே பெயர் சூட்டுங்கள். முதலில் அவள் எவருக்கும் தெரியாதவளாய் இருப்பாள். அதனாலென்ன? மரியோவும் சாமஸும் ஒரு நாள் அப்படித்தான் இருந்தனர்.