நூற்றுக்கு 68: தண்ணீர்க் கணக்கில் மறைந்தவர்கள்

பாதுகாப்பான குடிநீர் இல்லாதவர்களின் விகிதத்தை 2015-க்குள் பாதியாக்குவது ஐ.நா.வின் புத்தாயிரம் ஆண்டு இலக்குகளில் ஒன்று. 2010-லேயே அதை எட்டிவிட்டதாக 2012 மார்ச்சில் யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் அறிவித்தன. இப்போது 'அனைவருக்கும் குடிநீர்' என்று 2030-க்கு மறுபடி ஒரு கெடு. எட்டியாயிற்று என்றால் இன்னொரு கெடு எதற்கு என்ற கேள்வி வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

முதல் இலக்கு எண்ணியது விகிதத்தை, ஆட்களை அல்ல. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் மேம்பட்ட நீராதாரம் உள்ளவர்கள் 1990-இல் 48 சதவீதம், 2015-இல் 68 சதவீதம். இந்த 25 ஆண்டுகளில் 42 கோடிக்கும் அதிகமானோருக்குப் புதிதாகத் தண்ணீர் கிடைத்தது. சாதாரணக் காரியமல்ல. ஆனால் அதே காலத்தில் மக்கள்தொகை ஏறத்தாழ 51 கோடியிலிருந்து 100 கோடியை நெருங்கிவிட்டது. தண்ணீர் இல்லாதவர்கள் 1990-இல் 51 கோடியில் 52 சதவீதம், அதாவது 26 கோடிக்குச் சற்று மேல். 2015-இல் 100 கோடியில் 32 சதவீதம், அதாவது 32 கோடி. விகிதம் நன்றாகவே முன்னேறியது. தண்ணீர் இல்லாதவர்களோ ஐந்து கோடிக்கு மேல் கூடினார்கள். இரண்டு எண்களும் சரிதான். மேடையில் வாசிக்கப்பட்டது முதல் எண்.

நகரங்களில் விகிதமே கீழே இறங்கியது. இப்பகுதி நகரவாசிகளில் வீட்டிலேயே குழாய் உள்ளவர்கள் 43 சதவீதத்திலிருந்து 33 சதவீதமானார்கள். யாரும் குழாயைப் பிடுங்கவில்லை. குழாய் போய்ச் சேருமுன் குடியிருப்புகள் பெருகிவிட்டன.

'மேம்பட்ட நீராதாரம்' என்ற அதிகாரபூர்வ வரையறையும் தாராளமானது. குழாய், ஆழ்துளைக் கிணறு, மூடிய கிணறு என்று கட்டுமானத்தைப் பார்த்தது, தண்ணீரைச் சோதிக்கவில்லை. அதனால் மாசு கலந்த தண்ணீர் தரும் அடிபம்புகளும் வெற்றிக் கணக்கில் ஏற முடிந்தது. 2017-இல் அளவுகோல் மாறியது: தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே, தேவைப்படும்போது, மாசில்லாமல் கிடைக்க வேண்டும். பழைய அளவுகோலின்படி 2015-இல் தண்ணீர் இல்லாதவர்கள் உலகெங்கும் 66 கோடி. புதிய அளவுகோலில் அதே ஆண்டுக்கு 210 கோடி!

மக்கள்தொகைதான் குற்றவாளியா? ஒரு பங்கு மட்டுமே. பழுதாகிக் கிடக்கும் கைப்பம்புகளுக்கும் பராமரிப்புப் பணம் ஒதுக்காத அரசுகளுக்கும் மறுபங்கு உண்டு.

குழாய் இல்லாத நகரவாசி என்ன செய்கிறார்? லாரியிலும் குடத்திலும் வரும் தண்ணீரைப் பெரும்பாலும் குழாய்க் கட்டணத்தைவிடக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்.

2030-க்குள் முடியுமா? வேகம் ஆறு மடங்காக வேண்டும் என்று யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமுமே 2023-இல் கணக்கிட்டன.