சுவர் சொல்லும் செய்தி

பெங்களூரு மாநகரின் நீலசந்திராவில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் பல இப்பகுதியில் வாழ்கின்றன. குறுகிய தெருக்களில் வீட்டைப் பக்கவாட்டில் விரிவாக்க இடமில்லை. ஆகவே குடும்பம் பெருகும்போதும் வாடகை வருவாய் தேவைப்படும்போதும் கட்டடங்கள் மேல்நோக்கியே வளர்கின்றன. அவ்வாறு வளரும் வீட்டின் சுமையை எது தாங்குகிறது? இவ்வினாவை ஆராய்வோரே கட்டமைப்புப் பொறியாளர்கள்.

ஒரு வீட்டின் சுமை தளத்திலிருந்து விட்டத்திற்கும், விட்டத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அடித்தளத்திற்கும், இறுதியாக மண்ணுக்கும் செல்கிறது. 10 சதுர மீட்டர் பரப்பும் 15 சென்டிமீட்டர் தடிமனும் உடைய கான்கிரீட் தளத்தின் எடை மட்டுமே ஏறத்தாழ 3,700 கிலோகிராம் ஆகும். புதிதாக எழுப்பப்படும் ஒவ்வொரு மாடியும் கீழ்த்தளத்துத் தூண்களின் மீதே தன் சுமையை ஏற்றுகிறது. இரண்டு மாடிகளுக்கென அமைக்கப்பட்ட தூண், நான்கு மாடிகளைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது தவறாகும்.

ஒரு கட்டடம் இடிந்தால், சுமை சென்ற வழியில் எந்தக் கண்ணி அறுந்தது என்றே பொறியாளர்கள் தேடுவர். சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டு வந்த 11 தளக் குடியிருப்பு ஒன்று சரிந்தது. 61 பேர் உயிரிழந்தனர். மின்னல் தாக்கியதே காரணம் என்று கட்டுநர் தரப்பில் கூறப்பட்டது. மண்ணின் தன்மை காரணமாக இருக்கலாம் என்று சிலர் கருதினர். தூண்களின் மீது ஐயம் கொண்டனர் வேறு சிலர். ஓய்வுபெற்ற நீதிபதி ஆர். ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டடத்தின் சுமைக்கு ஏற்ற வலிமையுடன் தூண்கள் வடிவமைக்கப்படவில்லை என்னும் குறைபாடு ஆய்வுகளில் வெளிப்பட்டது. அதே வளாகத்தில் நின்ற மற்றொரு 11 தளக் கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

பெங்களூருவிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. 2024 அக்டோபர் 22 அன்று, கனமழைக் காலத்தில், பாபுசாபாளையாவில் கட்டப்பட்டு வந்த கட்டடம் ஒன்று இடிந்து ஒன்பது பேர் மாண்டனர். அனுமதித்த அளவைவிட மிகுதியான தளங்கள் அங்கு எழுப்பப்பட்டிருந்தன. மழையை மட்டும் குறை கூறுவது எளிது. ஆயினும் முறையாகக் கட்டப்பட்ட கட்டடங்கள் அதே மழையில் நின்றன.

புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றிப் பழைய கட்டடங்களுக்கும் ஆபத்து உண்டு. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையைத் தாங்குவது அதனுள் இருக்கும் இரும்புக் கம்பியாகும். கசியும் நீர் கம்பியை அடைந்தால் துரு உண்டாகும். துரு, இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஆகவே மாடித் தொட்டியின் சிறு கசிவும் புறக்கணிக்கத்தக்கது அன்று.

நீலசந்திராவிலிருந்து சிறிது தொலைவிலுள்ள லக்கசந்திராவில், 2021 செப்டம்பர் 27 அன்று, மூன்று மாடிகள் கொண்ட பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. மெட்ரோ இரயில் பணியில் ஈடுபட்ட தொழிலாளர்கள் அதில் தங்கியிருந்தனர். கட்டடம் விழுமுன் அவர்கள் வெளியேறியிருந்தமையால் உயிரிழப்பு ஏற்படவில்லை. வீடு போயிற்று, உயிர்கள் நிலைத்தன.

பெரும்பாலான கட்டடங்கள் விழுமுன் குறிப்புக் காட்டுகின்றன. பூச்சில் தோன்றும் மயிரிழை விரிசல் அச்சத்திற்குரியது அன்று. ஆனால் நாள்தோறும் அகலும் விரிசல், சுவரில் சாய்வாக ஓடும் பிளவு, தூணில் உதிரும் கான்கிரீட், திடீரென மூட இயலாத கதவு ஆகியவை எச்சரிக்கைகள். விரிசலின் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினால், அது வளர்கிறதா என அறியலாம். இதனைச் சிறுவரும் செய்ய இயலும். விரிசல் வளர்ந்தால் பெரியவர்களிடம் உடனே தெரிவித்து, பொறியாளரை அழைக்கச் செய்தல் வேண்டும். தூண் நொறுங்கினாலோ, கட்டடம் சாய்ந்தாலோ, பொருள்களை எடுக்க நில்லாமல் வெளியேறுதலே அறிவுடைமை.

அருஞ்சொற்பொருள்
விட்டம் – தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டம்
இழுவிசை – இழுக்கும் விசை
கட்டுநர் – கட்டடம் கட்டுவோர்

பயிற்சி
1. வீட்டின் சுமை மண்ணை அடையும் வழியை வரிசைப்படுத்தி எழுதுக.
2. துரு கான்கிரீட்டை எவ்வாறு பிளக்கிறது?
3. "மழையை மட்டும் குறை கூறுவது எளிது" – இக்கூற்றை விளக்குக.
4. உன் வீட்டுச் சுவர்களைப் பெரியவர்களுடன் பார்வையிட்டு, கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.