காணிக்கை வெட்டிய கால்வாய்

நேயர்களே, 500 வருஷத்துக்கு முன்னால் திருமலை ஏழுமலையானுக்குப் பக்தர்கள் கொடுத்த காணிக்கைப் பணம் எங்கே போனது தெரியுமா? அதில் நிறையப் பணம் ஏரிக்கும் கால்வாய்க்கும் போனது!

விஜயநகர மன்னர்கள் காலம் அது. கோயிலை நிர்வகித்த ஸ்தானத்தார், அந்தப் பணத்தில் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் பாய்ந்தது, விளைச்சல் பெருகியது. கூடுதலாக வந்த வருமானத்தில், பணம் கொடுத்தவர் பெயரில் சுவாமிக்குப் படையல் நடந்தது. அந்தப் பிரசாதத்தில் கால் பங்கு அவருக்கே! இந்த ஏற்பாட்டையெல்லாம் சொல்லும் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை நம் தமிழில்தான் இருக்கின்றன.

கால்வாய் தூர்ந்தால் விளைச்சல் இல்லை. விளைச்சல் இல்லையென்றால் படையலும் இல்லை. அப்படியானால் கால்வாயைப் பராமரிப்பது எவ்வளவு முக்கியம், பாருங்கள்!

சாந்திபுரம் நேயர்களே, சித்தூர், திருப்பதி நேயர்களே, மழைக்கு முன்னால் உங்கள் ஊர் ஏரியின் வரத்துக் கால்வாயை ஒரு தடவை போய்ப் பாருங்கள். மண்ணும் குப்பையும் அடைத்திருந்தால் பஞ்சாயத்தில் சொல்லுங்கள். தூர் வாரும்போது நீங்களும் கை கொடுங்கள்!