உஷார்! பிளக்கைப் பிடுங்குமுன் பட்டனை அமுக்குங்கள்

ஈப்போவில் மத்தியானம் மேகம் கறுத்தால் போதும், வீட்டில் யாராவது ஓடிப்போய் எல்லா சுவிட்சையும் அடைத்துவிடுவார்கள். டிவிக்குச் சரி. பிரிண்டருக்கு அதுவே எமன்! அச்சடிக்கும்போது சுவரில் கரண்டை வெட்டினால் மை துப்பும் ஹெட் மூடியில்லாமல் நடுவழியில் நின்றுவிடும். துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் முதலில் பிரிண்டரின் பவர் பட்டன். அதன் விளக்கு அணைந்த பிறகே சுவர் சுவிட்ச்.

எந்த மை அடைத்திருக்கிறது என்று படமே காட்டிக்கொடுக்கும். அத்தையின் பச்சைச் சேலை நீலமாக வந்தால் மஞ்சள் வரவில்லை. அதே சேலை மஞ்சளாக வந்தால் நீலம் அவுட். சிவப்புக் குங்குமம் மஞ்சளாகத் தெரிகிறதா? மெஜந்தா போச்சு.

உடனே பதறி ஹெட் கிளீனிங்கை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறார்களே, ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு தடவையும் நல்ல மை உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சில் கொட்டப்படுகிறது. பஞ்சு நிரம்பினால் பல பிரிண்டர்கள் அச்சடிக்கவே மறுத்துவிடும். முதலில் நாசில் செக் (மைத் துளைகளைச் சோதிக்கும் கோட்டுத் தாள்) எடுங்கள். கோடு விட்டிருந்தால் ஒரே ஒரு கிளீனிங், மறுபடி செக். மூன்று முறைக்கும் மசியவில்லையா? அணைத்துவிட்டு இரவு முழுக்கச் சும்மா விடுங்கள். காலையிலும் அதே கதையென்றால் ரிப்பேர் கடைதான். டேங்கில் மை கீழ்க்கோட்டுக்கு இறங்க விடவே கூடாது. காற்றுப் புகுந்தால் ஹெட்டே காலியாகலாம்.

நாசில் செக் சுத்தமாக வந்தும் படம் அசிங்கமா? பேப்பரைப் பாருங்கள். போட்டோ பேப்பர் வைத்துவிட்டு செட்டிங்கில் சாதாரணப் பேப்பர் என்று விட்டிருப்பீர்கள், அல்லது பின்பக்கத்தில் அடித்திருப்பீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் பிரித்துப்போட்ட பேப்பர் கட்டும் சுருண்டு கெடும்.

இவ்வளவு கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 1877-இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் கன்றுகளில் ஒன்று கோலகங்சாரில் இன்னும் மரமாக நிற்கிறது. பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாருக்கோ மிச்சம் ஒரு போட்டோதான். சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் பழைய லயங்களைத் தேடினாலும் கிடைக்காது. அந்தப் போட்டோவைப் பெரிதாக அடித்துக் கண்ணாடி போட்டதும் ஒரிஜினலைத் தூக்கியெறிகிறார்கள்! வீட்டு பிரிண்டரின் கலர் மை பெரும்பாலும் சாய மை. வெயில் படும் சுவரில் வெளுத்துவிடும்.

600 டிபிஐயில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய படத்தை மட்டும் குப்பையில் போடாதீர்கள், ஐயா.