இரத்தத்தில் இரண்டு காவலாளிகள்

சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம், இரவு பகலாக ஓடும் லாரிகள் என்று ஆலத்தியூர் பக்கம் பல குடும்பங்களின் பிழைப்பு நடக்கிறது. கை கால் நசுங்கும் ஆபத்தும் இந்த வேலைகளோடு சேர்ந்தே இருக்கிறது. "இரத்தம் வரவில்லை, பயமில்லை" என்று அப்போது சொல்வார்கள். உள்ளே நடப்பது வேறு.

நம் தசையை இயக்கும் புரதங்களில் ஒன்று ஆக்டின். 1942இல் ஹங்கேரியில் ஸ்ட்ராப் என்பவர் இதைக் கண்டறிந்தார். செல்லுக்குள் இது தனித்தனி மணியாகவும், மணிகள் கோத்த இழையாகவும் இருக்கும். தசை நசுங்கினாலோ தீயில் வெந்தாலோ செல்கள் உடைந்து ஆக்டின் இரத்தத்தில் கலக்கும். அங்குள்ள உப்புகளால் மணிகள் நீண்ட இழைகளாகச் சேரும். நுண்ணிய குழாய்களை அடைக்கும். எலிகளுக்கு ஆக்டினை அதிகமாகச் செலுத்தியபோது நுரையீரல் குழாய்கள் அடைபட்டு அவை இறந்தன.

இதைத் தடுக்க நம் இரத்தத்திலேயே இரண்டு புரதங்கள் உள்ளன.

ஜெல்சொலின்: இது கத்தரிக்கோல். இழையை வெட்டி, வெட்டிய முனையில் மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். 1979இல் அமெரிக்காவில் ஹெலன் யின், தாமஸ் ஸ்டாசல் இருவரும் இதை அறிவித்தார்கள். சண்டிகர் இம்டெக் நிறுவனத்திலும் இதைப் பற்றி ஆய்வு நடந்துள்ளது.

ஜிசி குளோபுலின்: கல்லீரல் தயாரிப்பது; வைட்டமின் டியைச் சுமக்கும் அதே புரதம்தான். ஒன்று, ஒரு மணியைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மணி இழையில் சேராது. கல்லீரல் அதை விரைவில் அகற்றிவிடும். இந்தப் புரதத்தில் மிகச் சிறு பங்குதான் வைட்டமினைச் சுமக்கிறது. மீதி இந்த வேலைக்குத் தயாராக நிற்கிறது.

ஆனால் இருப்பு அளவானது. பெரிய காயம், தீப்புண், கல்லீரல் செயலிழப்பு ஆகியவற்றில் இவை குறைந்துபோகின்றன. வைட்டமின் மாத்திரை தின்று இதைக் கூட்டிவிட முடியாது. உடைந்த தசையிலிருந்து ஆக்டின் மட்டுமல்ல, பொட்டாசியமும் மயோகுளோபினும் வெளிவரும். பொட்டாசியம் இதயத்தையும் மயோகுளோபின் சிறுநீரகத்தையும் தாக்கும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்ட சிலருக்குப் பிறகு டயாலிசிஸ் தேவைப்பட்டது இதனால்தான்.

நாம் செய்ய வேண்டியவை:

• கை, கால், உடல் நசுங்கினால் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் 108ஐ அழையுங்கள். எவ்வளவு நேரம் நசுங்கிக் கிடந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.
• சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, வீக்கமும் வலியும் கூடினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.